சைக்கிள் பாதைக்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

வாசகர் கேள்வி: விருகம்பாக்கம் சின்மயா நகரில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு, பள்ளி கே.கே. நகரில். சைக்கிளில் போகிறேன் என்கிறாள், ஆற்காடு சாலையை நினைத்தால் எங்களுக்குப் பயம். குடியிருப்போர் சங்கம் சார்பில் சைக்கிள் பாதை கேட்டு மனு கொடுத்தோம். ஓர் அலுவலகத்தில் அதற்கு நிதியே இல்லை என்றார்கள், இன்னோர் அலுவலகத்தில் அது எங்கள் சாலையே இல்லை என்றார்கள். உண்மையில் யாரிடம், எந்த நிதியில் கேட்க வேண்டும்?

பதில்: இரண்டு இடத்திலும் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். மீதிப் பாதியைப் பார்ப்போம்.

முதலில் சாலை யாருடையது என்பது. ஆற்காடு சாலை, 100 அடி சாலை, அண்ணா சாலை எல்லாம் மாநகராட்சி எல்லைக்குள் ஓடினாலும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள். குப்பை அள்ளுவது மாநகராட்சி, தார் போடுவது நெடுஞ்சாலை. உங்கள் வீட்டுத் தெருவும் கே.கே. நகரின் உள்தெருக்களும் மாநகராட்சியுடையவை, அவற்றை மண்டல அலுவலகம் பார்க்கிறது. ஆனால் மாநகராட்சிச் சாலையாகவே இருந்தாலும் அதில் பஸ் ஓடினால் அது பேருந்துத் தடச் சாலை, அதற்கு ரிப்பன் மாளிகையில் தனித் துறை. ஆக, உங்கள் மகள் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று பேருடைய இடத்தைக் கடக்கிறாள். ஒரே மனுவை மூன்று பேருக்கும் நகல் எடுத்து அனுப்பினால் மூவரும் அடுத்தவர் பதில் சொல்வார் என்று இருந்துவிடுவார்கள். ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் தனி மனு எழுதுங்கள், அதில் எங்கிருந்து எங்கே வரை என்று எல்லையையும் குறிப்பிடுங்கள்.

அடுத்து பணம். கொள்கை என்று பார்த்தால் சென்னை இந்த விஷயத்தில் நாட்டுக்கே முன்னோடி. 2014லேயே மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்குமான கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டு, போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதம் இவர்களுக்கான வசதிகளுக்குப் போக வேண்டும் என்று எழுதியது. படிக்கப் படிக்க இனிக்கும். ஆனால் தரையில் நமக்குத் தெரிந்தது பெரும்பாலும் நடைபாதைதான், சைக்கிளுக்கு என்று கண்ணில் படும்படி வந்தது குறைவு. (நடைபாதை முதலில் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நடக்கிறவர் தார் ரோட்டில் இறங்கி நடந்தால் சைக்கிளுக்கு ஏது இடம்?) பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது, சுமார் 40 கோடி ரூபாய், ஸ்மார்ட் சிட்டி நிதி. அந்தத் திட்டமே 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது, இனி அதை நம்பி மனு எழுதிப் பயனில்லை.

'நிதியே இல்லை' என்று அந்த அலுவலர் சொன்னது சைக்கிள் பாதை என்ற தலைப்பில் பணம் இல்லை என்ற அர்த்தத்தில். அது சரிதான். ஆனால் அதே தெருவில் தார் போட, மழைநீர் வடிகால் கட்ட, நடைபாதை எழுப்ப, கேபிளுக்காகத் தோண்டியதை மூட என்று பணம் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. சிங்காரச் சென்னை 2.0, நகர்ப்புறச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், மாநகராட்சியின் சொந்த மூலதன நிதி என்று தலைப்பு மாறும், வேலை அதே வேலை. சைக்கிளுக்கு வேண்டியதை இந்த வேலைகளுக்குள் நுழைப்பதுதான் நடக்கக்கூடிய வழி, தனித் திட்டமாகக் கேட்டால் வருடங்கள் ஓடும்.

நுழைப்பதற்கு நேரம் தெரிய வேண்டும், முக்கால்வாசி சங்கங்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு சாலை வேலை எப்படி நகர்கிறது என்று பாருங்கள்: உதவிப் பொறியாளர் நேரில் பார்த்து மதிப்பீடு தயாரிக்கிறார், அதற்குத் தொழில்நுட்ப ஒப்புதலும் நிர்வாக அனுமதியும் வாங்குகிறார்கள், டெண்டர் விடுகிறார்கள், ஒப்பந்ததாரருக்குப் பணி ஆணை போகிறது. பழைய தாரை மில்லிங் மிஷின் சுரண்டுவதைப் பார்த்த பிறகு நீங்கள் ஓடிப்போய் மனு கொடுத்தால், அதில் எவ்வளவு நியாயம் இருந்தாலும், பொறியாளரால் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் டெண்டரில் இல்லாத ஓர் இனத்தைச் சேர்த்தால் நாளை தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மதிப்பீடு அவர் மேசையில் இருக்கும்போதே போனால் அது ஒரு வரி சேர்க்கிற வேலை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுக்குத் தடை போட்டுவிடுவார்கள், பொங்கலுக்குப் பிறகு வேலைகள் வேகமெடுக்கும். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் பக்கம். அதனால் மழை தொடங்குவதற்கு முன்பே உதவிப் பொறியாளரைப் போய்ப் பார்த்து, நம் வார்டில் அடுத்து எந்தத் தெரு என்று கேட்டுவிடுங்கள். அதட்டலாகக் கேட்காமல் சாதாரணமாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

சரி, என்ன கேட்பது? உள்தெருக்களில் சைக்கிள் பாதை என்று கேட்காதீர்கள். அகலம் இருக்காது, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தாலும் மறுநாளே அதன்மேல் கார் நிற்கும். பெங்களூரில் வெளிவட்டச் சாலையில் 2020ல் தற்காலிகத் தடுப்பு வைத்துச் சைக்கிள் தடம் போட்டார்கள், அதையே நிலைநிறுத்த முடியவில்லை. உள்தெருவுக்கு வேண்டியது வேகக் குறைப்பு. குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகம் என்று சென்னை போக்குவரத்துக் காவல்துறை 2023லேயே அறிவித்திருக்கிறது, அதை மனுவில் மேற்கோள் காட்டி, சந்திப்புகளில் நடைபாதை மட்டத்துக்கு மேடாக்கிய கடக்கும் இடம் கேளுங்கள். அப்புறம், யாரும் கேட்காத ஒன்று: சாலையோரம் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்கும் கம்பி மூடிகள். கம்பிகள் சாலையின் நீளவாக்கில் ஓடினால் சைக்கிளின் மெல்லிய டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும், குறுக்குவாக்கில் இருந்தால் பிரச்சினையே இல்லை. மூடியைத் திருப்பிப் போடுவதற்கும், அதைத் தார் மட்டத்துக்குச் சமமாக வைப்பதற்கும் தனி நிதி என்று எதுவும் தேவைப்படாது. என்னைக் கேட்டால் ஒரு கிலோமீட்டர் பெயிண்ட் அடித்த பாதையைவிட இதற்குத்தான் முதலில் சண்டை போடுவேன்.

ஆற்காடு சாலை வேறு கதை. அங்கே மகள் நெடுக ஓட்டப்போவதில்லை, குறுக்கே கடக்கத்தான் வேண்டும். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்துக்காக அந்தச் சாலையைப் பல வருடங்களாகக் கிழித்திருக்கிறார்கள், கிழித்ததை மீண்டும் போட்டுத்தர வேண்டியது மெட்ரோவின் செலவு. இது ஒரு வாய்ப்பு, ஏனென்றால் சும்மா விட்டால் முன்பு இருந்த மாதிரியே போட்டுவிட்டுப் போவார்கள், முன்பு இருந்ததோ சைக்கிளுக்கு ஏற்றது இல்லை. நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் மெட்ரோ நிறுவனத்துக்கும் எழுதி, சாலையை மீட்டுத்தருவதற்கான குறுக்குவெட்டு வரைபடத்தை, அதாவது சாலை அகலத்தில் எதற்கு எவ்வளவு இடம் என்று காட்டும் படத்தை, கேளுங்கள். நடுத்தடுப்பில் சைக்கிளோடு நிற்கிற அளவுக்கு அகலமான இடைவெளி, சிக்னல் நேரம், நிலையத்தில் சைக்கிள் நிறுத்தம், இந்த மூன்று போதும். கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கும் ஒரு நகல் போகட்டும். அவர்கள் தார் போட மாட்டார்கள், ஆனால் துறைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை.

எம்.எல்.ஏ. தொகுதி நிதியைப் பலர் பரிந்துரைப்பார்கள். வருடத்துக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. கேட்கலாம், ஆனால் அந்தப் பணம் நிலைத்து நிற்கும் சொத்து உருவாக்கத்தான், பராமரிக்க அல்ல. சைக்கிள் நிறுத்தம், விளக்குக் கம்பம் மாதிரி விஷயங்களுக்குப் பொருந்தும். 'நமக்கு நாமே' திட்டத்தில் செலவில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும், உங்கள் சங்கத்துக்கு வசதி இருந்தால் பார்க்கலாம். ஆனால் வரி கட்டிய சாலைக்கு இன்னொரு முறை வசூல் எதற்கு என்று உறுப்பினர்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி என்றால் முதலிலேயே ஒன்றைக் கேளுங்கள்: மூன்றாம் வருடம் யார் பராமரிப்பார்கள்? 2019ல் சென்னையில் வாடகை சைக்கிள் நிலையங்கள் வந்தபோது எவ்வளவு ஆரவாரம்! பின்னால் பல நிலையங்கள் தூசி படிந்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் எழுந்து, சைக்கிள்காரர்கள் சாலை வரியா கட்டுகிறார்கள் என்பார். வாகன வரி மாநில அரசின் பொது நிதிக்குப் போகிறது. மாநகராட்சியின் தெருக்கள் சொத்து வரி, தொழில் வரி, முத்திரைத் தீர்வையில் வரும் கூடுதல் பங்கு, மாநில நிதி ஆணையம் பகிர்ந்து தரும் தொகை ஆகியவற்றில் ஓடுகின்றன. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சைக்கிளில் போகிற செக்யூரிட்டியும் அந்த வாடகை வழியாகச் சொத்து வரி கட்டுகிறவர்தான். அதோடு, மனுவில் ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஹெல்மெட்டோடு பறக்கிறவர்களைப் பற்றி எழுதாதீர்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே இலவச சைக்கிள் தருகிறது. சைக்கிளைக் கொடுத்த அரசு ஓட்ட இடம் தர வேண்டாமா என்று கேளுங்கள், அதற்கு மறுத்துப் பேச ஆளில்லை.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். 'சைக்கிள் பாதை ஏன் இல்லை' என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடைக்காது, ஆவணம்தான் கிடைக்கும். இன்ன தெருவுக்கு இந்த நிதியாண்டில் தயாரித்த மதிப்பீட்டின் நகல், எந்தத் திட்டத் தலைப்பில் நிதி, முடித்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகல் என்று கேளுங்கள். பல நேரம் மதிப்பீட்டிலேயே சாலைக் குறியீடு, மேடாக்கிய கடக்கும் இடம், பிரதிபலிப்பான் எல்லாம் இருக்கும், தெருவில் மட்டும் இருக்காது. அப்படி அகப்பட்டால் புதிதாக நிதி கேட்கவே வேண்டாம், அந்த நகலோடு கவுன்சிலரையும் கூட்டிக்கொண்டு செயற்பொறியாளரைப் போய்ப் பாருங்கள்.