முதலில் பாதையைக் காட்டுங்கள்: மலை நிலம் விற்பவர்களுக்குக் கேள்வி பதில்

நீலகிரியில் பத்திரம் எழுதுவது என் தொழில். காலி நிலம், தேயிலைச் செடி பிடுங்கிய நிலம், புதர் மண்டிக் கிடக்கும் பூர்வீகம் என்று மலைப்பகுதியில் எதை விற்க நினைப்பவரும் கேட்கலாம். விலை மட்டும் கேட்காதீர்கள். இடத்தைப் பார்க்காமல் சொல்லும் விலைக்கு மதிப்பே இல்லை. வழக்கு நடக்கிற நிலம் என்றால் உங்கள் வக்கீலிடம் போங்கள்.

கோத்தகிரி வாசகி: அண்ணா, அப்பா பெயரில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் புஞ்சை இருக்கிறது. அப்பா தவறிவிட்டார். அம்மா, நான், இரண்டு தம்பிகள். ஒரு பார்ட்டி அட்வான்ஸ் தரத் தயாராக இருக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

இப்போது வாங்காதீர்கள் அம்மா. அட்வான்ஸ் வாங்கி அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் உங்களுக்குக் கெடு ஓட ஆரம்பித்துவிடும். காகிதம் தயாராக இல்லாமல் அந்தக் கெடுவுக்குள் போகக் கூடாது.

முதலில் வாரிசுச் சான்று. அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பங்கு அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக வரும். நீங்கள் கல்யாணமாகிப் போனவர் என்பது ஒரு பொருட்டே இல்லை. அப்புறம் நான்கு பேர் பெயருக்கும் பட்டா மாற்றுங்கள். நால்வரும் சேர்ந்தே விற்பதாக இருந்தால் பாகப்பிரிவினை தேவையில்லை, கிரயப் பத்திரத்தில் நால்வரும் கையெழுத்துப் போட்டால் போதும். ஒரு தம்பி தன் பங்கை விற்க மாட்டேன் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கூடவே தாய்ப்பத்திரம் (நிலம் உங்கள் குடும்பத்துக்கு வந்த மூலப் பத்திரம்), முப்பது வருட வில்லங்கச் சான்று, புலப்படம் (சர்வே அளவு வரைபடம்), அ-பதிவேட்டு (கிராம நிலப் பதிவேடு) நகல் எல்லாம் எடுத்து வையுங்கள். பட்டாவை மட்டும் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே குறிப்புக் கலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அரசு ஒப்படை செய்த நிலமா, நிபந்தனை உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். நிலம் 1892-ல் தொடங்கிய பஞ்சமி ஒப்படைப்பில், அதாவது ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு கொடுத்த நிலமாக வந்தது என்றால், பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு எழுதிக் கொடுக்கும் கிரயம் செல்லாது.

இன்னொன்று, அட்வான்ஸை ரொக்கமாக வாங்காதீர்கள். நிலப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போட முடியும்.

ஊட்டி வாசகர்: சென்ட் என்ன விலை போகும்?

இடத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணின் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். அது அரசு பதிவுக்காக வைத்திருக்கும் மதிப்பு, சந்தை விலை அல்ல. வாங்குபவர் கட்ட வேண்டிய 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்புக்குக் கீழே இறங்காது என்பதற்காகப் பார்க்கச் சொல்கிறேன். அவர் கையில் இருக்கும் மொத்தப் பணத்திலிருந்துதான் அதுவும் போகிறது.

குன்னூர் வாசகர்: என் நிலத்துக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் வழியாக ஜீப் போகிற பாதை இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து போகிறோம். யாரும் தடுத்ததில்லை. வாங்க வந்தவர் பாதைக்கு எழுத்து எங்கே என்று கேட்கிறார். இதெல்லாம் தேவையா?

அவர் விவரமானவர். அவரை விட்டுவிடாதீர்கள்.

மலையில் நிலத்தின் விலையில் பாதி பாதைதான். சமவெளியில் பாதை அடைபட்டால் வரப்பு ஓரமாகவாவது சுற்றிப் போகலாம். இங்கே சுற்றிப் போக ஒரு பள்ளம், ஒரு ஓடை, ஐம்பது அடிச் சரிவு தாண்ட வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் ஒரு கேட் போட்டுப் பூட்டினால் உங்கள் இரண்டு ஏக்கர் வெறும் காட்சிப் பொருள்.

முதல் வேலையாக உங்கள் தாய்ப்பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம் முடிந்ததும் வரும் வரிகளைப் படியுங்கள். ‘மேற்படி நிலத்துக்குச் சென்றுவர வண்டிப்பாதைப் பாத்தியம் சகிதம்’ என்று இருக்கும். சிலவற்றில் ‘நடைபாதை’ என்றுதான் இருக்கும். அது ஆள் நடக்க, ஜீப்புக்கு அல்ல. அந்த ஒரு சொல்லால் கிரயம் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். புலப்படத்தில் பாதை புள்ளிக்கோடாகவாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எழுத்தே இல்லை என்றால், 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருடம் இடைவிடாமல், பகிரங்கமாக, உரிமையாகவே அனுபவித்த பாதையில் பாத்தியம் கோரலாம். ‘உரிமையாகவே’ என்பது முக்கியம். தோட்டக்காரர் தயவில், அவர் அனுமதித்ததால் போய்வந்தீர்கள் என்றால் ஐம்பது வருடம் ஆனாலும் அது உரிமை ஆகாது. கோர்ட்டுக்குப் போய் நிரூபிப்பதை விட, இப்போது உறவு நன்றாக இருக்கும்போதே ஒரு தொகை கொடுத்துப் பாதைப் பாத்தியத்தைப் பதிவுப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். அகலத்தை அடிக்கணக்கில் எழுதுங்கள். எங்கே ஆரம்பித்து எந்த சர்வே எண் வழியாக எங்கே முடிகிறது என்று வரைபடம் இணையுங்கள். அந்தச் செலவு விலையில் திரும்பி வரும்.

இன்னொரு வாசகர்: நாங்களே டேப் வைத்து அளந்தோம். பட்டாவில் ஒரு ஏக்கர், எங்கள் அளவில் ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட் வருகிறது. கூடுதல் சென்டுக்கும் காசு வாங்கலாம் அல்லவா?

முடியாது. உங்களிடம் கூடுதல் நிலம் இல்லை, சரிவுதான் இருக்கிறது. சர்வேயில் பதிவாவது தட்டையான அளவு. நீங்கள் டேப்பைச் சரிவின் மேலேயே போட்டு இழுத்திருப்பீர்கள். 30 டிகிரிச் சரிவில் 100 அடி இழுத்தால் தட்டை அளவில் அது ஏறக்குறைய 86 அடி 7 அங்குலம்தான். அப்படி அளந்த ஒரு ஏக்கர், கணக்கில் 87 சென்டுக்குள் நின்றுவிடும். டேப் அளவில் அக்ரிமெண்ட் போட்டுவிட்டுப் பிறகு சர்வேயர் வந்து அளந்தால், பன்னிரண்டு சென்டுக்கான பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். கட்டணம் கட்டி மனுக் கொடுத்து, அரசு சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள்.

பந்தலூர் வாசகர்: செக்‌ஷன் 17 நிலம். நாற்பது வருடமாகக் குடியிருக்கிறோம், மின்கட்டண ரசீது இருக்கிறது, வீட்டுவரி ரசீது இருக்கிறது, பட்டா இல்லை. வெள்ளைத்தாளில் எழுதி விற்கலாம் என்கிறார்கள்.

எழுதாதீர்கள் ஐயா. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட எந்த அசையாச் சொத்தும் பதிவுப் பத்திரம் இல்லாமல் கைமாறாது. வெள்ளைத்தாளில் கைமாறுவது பணம் மட்டும்.

கூடலூர், பந்தலூர் மக்களின் நிலைமை எனக்குத் தெரியும். 1969-ல் ஜன்ம நில ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, ஜன்மிகள், அதாவது பரம்பரை நிலவுடைமையாளர்கள், தோட்டங்களுக்குக் குத்தகை விட்ட நிலங்களைப் பற்றியது. 1972-ல் அந்தச் சட்டத்தின் காடு சம்பந்தப்பட்ட பகுதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1974-ல் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், அதாவது நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி காக்கும் சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். அதை எதிர்த்த வழக்கில்தான், 2007-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று சொன்னது. சட்டக்கல்லூரிகளில் பாடமாக இருக்கும் அந்தத் தீர்ப்பு உங்கள் ஊர் நிலத்திலிருந்து வந்தது. ஆனால் அதனால் உங்கள் கைக்குப் பட்டா வரவில்லை. பட்டா வரும்வரை விற்க உங்களிடம் எதுவும் இல்லை. வாங்குகிறவரும் உங்களைப் போன்ற ஏழையாகத்தான் இருப்பார்.

மசினகுடி வாசகர்: பொக்காபுரம் பக்கம் ஐம்பது சென்ட்…

யானை வழித்தடத்துக்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வழித்தடம் பற்றிய தமிழக அரசின் 2010 அறிவிப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. உள்ளே வந்தால் வக்கீலைப் பாருங்கள்.

கோவை வாசகர்: விற்பதற்கு முன் ஜேசிபி வைத்துச் சமப்படுத்தி, நாலு மரத்தை எடுத்தால் நல்ல விலை வரும் என்கிறார்களே?

வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். மலையில் மண் அள்ளும் இயந்திரம் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் மரம் வெட்ட, 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி குழுவின் அனுமதி வேண்டும். சோலையோ காடோ இருக்கும் பட்டா நிலம், தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டிருந்தால், 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி விற்பதற்கே முன் அனுமதி தேவை.

அனுமதியை ஒரு பக்கம் வையுங்கள். சரிவை வெட்டித் தட்டையாக்கினால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடுகிறது. ஓடி வழிந்த மழைநீர் அந்தத் தட்டில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்சரிவில் செத்தார்கள். நிலத்தை இருக்கிறபடியே காட்டுங்கள். புதரை ஆள் வைத்து வெட்டி, எல்லைக்கல் தெரிகிற மாதிரி செய்தால் போதும்.

ஏற்காடு வாசகர்: இப்போது விலை ஏறுமா, இறங்குமா?

முதல் பத்தியைப் படியுங்கள்.

கொடைக்கானல் கீழ்மலை, நிலத் தரகர்: சார், ஒரு ஏக்கரை மொத்தமாக வாங்க ஆள் இல்லை. எல்லை பிரிக்காமல், பத்துப் பத்து சென்ட் பிரிபடாத பாகமாகக் கொடுத்தால் ஒரே மாதத்தில் முடியும். பதிவும் ஆகிறது. எங்கள் பக்கம் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் விற்கிறவர்களைப் பயமுறுத்துகிறீர்கள்.

தம்பி, இதைப் பற்றி விரிவாகவே பேசுவோம்.

விவசாய நிலத்தை அனுமதி இல்லாமல் மனையாகப் பிரித்து விற்றால் பதிவை மறுக்க, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு இருக்கிறது. மலைக் கிராமமாக இருந்தால் 1990 அரசாணைப்படி ஹாகா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம் வரை போக வேண்டும். அதைத் தாண்டத்தானே ‘பண்ணை நிலம்’, ‘பிரிபடாத பாகம்’ என்று எழுதுகிறீர்கள்? பதிவு ஆகலாம். அதன் பிறகு? பத்துப் பேர் பெயர் ஒரே கூட்டுப் பட்டாவில் ஏறும். எந்தப் பத்து சென்ட் யாருடையது என்று புலப்படத்தில் இருக்காது. வங்கிக் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கட்டட அனுமதி வராது. ஒருவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் மற்ற எல்லோரும் பிரதிவாதி.

அதே தரகர்: அது வாங்குகிறவன் பாடு. விற்றவருக்கு என்ன வந்தது?

சொத்து மாற்றச் சட்டம் 55-ஆம் பிரிவைப் படியுங்கள். வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத குறை சொத்திலோ உரிமையிலோ இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், சொல்லியாக வேண்டும். ‘வில்லங்கம் வந்தால் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன்’ என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நிலக்காரர். நீங்கள் கமிஷன் வாங்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடுவீர்கள்.

மதுரை வாசகர்: நான் அப்படிப் பத்து சென்ட் வாங்கினவன். ‘வீடு கட்டலாம், பேசிக்கொள்ளலாம்’ என்றார்கள். போய்ப் பார்த்தால் என் இடம் என்று காட்டினதையே வேறு ஒருவருக்கும் காட்டியிருக்கிறார்கள்.

தரகர் தம்பி, இவருக்குப் பதில் சொல்லுங்கள்.

பண்ணைக்காடு விவசாயி: ஐயா, நீங்கள் சொல்வது சட்டம். எங்கள் பாடு வேறு. பாட்டன் காலத்து நிலம். மகளுக்குக் கல்யாணம். மொத்தமாக வாங்க யாரும் வரவில்லை. ஹாகா என்று சொல்லியே பாதி விலைக்குக் கேட்கிறார்கள். மலையைக் காப்பாற்றுகிற செலவு எங்கள் தலையில்தானா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மலை சரியாமல் இருப்பதில் கீழே அணைத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கும் லாபம் உண்டு, நட்டம் மட்டும் நிலக்காரருக்கு. அதற்கு ஈடு தர ஒரு வழி இருந்திருக்க வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும் பிரிபடாத பாகமாக விற்காதீர்கள். வேறு வழி உண்டு. ஒரு ஏக்கரை இரண்டாகவோ மூன்றாகவோ முறையாக உட்பிரிவு செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் புலப்படம், தனிப் பட்டா, எழுத்தில் பாதை இருக்கட்டும். விவசாய நிலமாகவே, விவசாயம் செய்கிறவருக்கே விற்கிறேன் என்று சொல்லுங்கள். காப்பி, மிளகு போடுகிற பக்கத்து ஊர்க்காரர்தான் உங்கள் வாடிக்கையாளர், சென்னையில் வீடு கட்டக் கனவு காண்கிறவர் அல்ல. ஒரு மாதத்தில் முடியாது. ஒரு வருடம்கூட ஆகலாம். கல்யாணத் தேதியை இந்தக் கிரயத்தை நம்பிக் குறிக்காதீர்கள்.

தரகர்: ஒரு வருடம் யார் காத்திருப்பார்கள்?

பத்து வருடம் கோர்ட்டுக்கு அலைய மனமில்லாதவர்கள் காத்திருப்பார்கள். இந்த விஷயம் இதோடு போதும்.

துபாய் வாசகர்: குன்னூரில் பூர்வீக விவசாய நிலம். நான் விற்கலாமா?

விற்கலாம், இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கு மட்டும். வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டச் சொல்லுங்கள். வரிப் பிடித்தத்துக்கு ஆடிட்டரைப் பாருங்கள்.

சேலம் வாசகர்: விவசாய நிலம் விற்றால் வரி இல்லை என்பது உண்மையா?

கிராமப்புற விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரி இல்லை. பக்கத்து நகராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து 2, 6 அல்லது 8 கிலோமீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். தூரம் நேர்கோட்டில், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுக் கணக்கில் அல்ல. சாலையில் 12 கிலோமீட்டர் காட்டும் நிலம் நேர்கோட்டில் 5-க்குள் வந்துவிடும். மலையில் இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

கோத்தகிரி, இன்னொரு வாசகி: பக்கத்துத் தோட்டக்காரர் வெளியாளை விடக் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறார். கொடுக்கலாமா அண்ணா?

அவருக்குப் பாதைப் பிரச்சினை இல்லை, எல்லைத் தகராறு இல்லை, நிலத்தில் எங்கே ஊற்று கசியும் என்பதும் தெரியும். வெளியாள் தருகிற தொகையிலிருந்து தரகு, பாதைப் பாத்தியச் செலவு, காத்திருக்கும் மாதங்கள் இவற்றைக் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் சின்னதாக இருந்தால் பக்கத்துக்காரருக்கே கொடுங்கள். பணம் முழுவதும் வங்கி மூலம் வந்த பிறகு சார்பதிவாளர் முன் கையெழுத்துப் போடுங்கள்.