நுண்ணுயிரியல் படிப்பும் வேலையும்: கேள்வி பதில்

(பதில் அளிப்பவர் மருந்து உற்பத்தித் துறையில் நுண்ணுயிரியல் ஆய்வகப் பொறுப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவர்.)

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பி.எஸ்சி. நுண்ணுயிரியலுக்குக் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: சேர்வதற்கு முன் ஒரு முறை நேரில் சென்று ஆய்வகத்தைப் பாருங்கள். ஆட்டோகிளேவும் (நீராவி அழுத்தத்தால் கிருமி நீக்கும் கருவி) இன்குபேட்டரும் (கிருமி வளர ஏற்ற வெப்பநிலை தரும் பெட்டி) பெரும்பாலான கல்லூரிகளில் இருக்கும். ஒவ்வொரு மாணவரும் தம் கையால் ஊடகம் (கிருமி வளர்வதற்கான சத்துக் கலவை) தயாரித்து, தட்டில் ஊற்றி, கிருமியை வளர்த்துப் பார்க்கிறாரா, இல்லை ஒருவர் செய்வதைப் பத்துப் பேர் சூழ்ந்து நின்று பார்க்கிறார்களா என்பதை மூத்த மாணவர்களிடம் கேட்டறியுங்கள்.

கேள்வி: என் மகள் இளநிலைப் பட்டத்தோடு வேலைக்குப் போக விரும்புகிறாள். எங்கே கிடைக்கும்?

பதில்: மருந்து, பால், உணவு, குடிநீர் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளில் முயலலாம். ஊசி மருந்தில் கிருமி இல்லை என்று உறுதிசெய்ய, மாதிரியை இருவகை ஊடகங்களில் இட்டு 14 நாட்கள் காத்திருந்து பார்க்கிறோம். கிருமி வளர்ந்ததன் அடையாளமாக அதில் ஒரு குழாய் கலங்கினாலும் அந்த மருந்துத் தொகுதி முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டு விசாரணை தொடங்கும் என்பதால், பொறுமையும் பிழையின்றிப் பதிவு செய்யும் பழக்கமும் உள்ளவர்களையே தேடுகிறோம். மருத்துவமனை ஆய்வகம்தான் விருப்பம் என்றால், பெரும்பாலும் டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம்) போன்ற தனிப் படிப்பையும் கேட்பார்கள்.

கேள்வி: இறுதியாண்டு படிக்கிறேன். நேர்காணலில் என்ன கேட்பீர்கள்?

பதில்: பாக்டீரியாக்களை நிறத்தால் பாசிட்டிவ், நெகட்டிவ் என இருவகையாகப் பிரித்தறியும் கிராம் சாயமேற்றலில்தான் பெரும்பாலும் தொடங்குவேன். படிக ஊதா, அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின் என்ற வரிசையை எல்லோரும் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆல்கஹாலை அளவுக்கு மீறி நிற்கவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டதும் பலர் திகைத்துவிடுகிறார்கள். ஊதாவாகத் தெரிய வேண்டிய ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா நிறமிழந்து, சாஃப்ரனினை ஏற்று இளஞ்சிவப்பாகத் தெரியும். கிராம் பாசிட்டிவ் கிருமியை நெகட்டிவ் என்று எழுதிவிடுவீர்கள். இந்தத் தவற்றைக் கல்லூரியிலேயே ஒரு முறை வேண்டுமென்றே செய்து, நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். பார்த்தவர் பதில் சொல்லும் விதமே வேறாக இருக்கும்.

கேள்வி: எம்.எஸ்சி. முடித்தவர் மருத்துவ நுண்ணுயிரியலாளர் ஆக முடியுமா?

பதில்: எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. நுண்ணுயிரியல் படிப்பது தனி வழி. மருத்துவக் கல்லூரிகளில் மூன்றாண்டு எம்.எஸ்சி. மருத்துவ நுண்ணுயிரியலும் உண்டு. கற்பித்தல், ஆய்வகப் பணி, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு அது உதவும்.

கேள்வி: ஆராய்ச்சிக்குச் செல்ல என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதுநிலைப் படிப்பின்போதே ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் (NET) தேர்வுக்கும், நுண்ணுயிரியலை விருப்பப் பிரிவாகக் கொண்ட கேட் (GATE) உயிர் அறிவியல் தேர்வுக்கும் ஆயத்தமாகுங்கள். சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சண்டிகரில் நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. மாணவப் பருவத்து ஆய்வேட்டைச் சடங்காக நினைக்காதீர்கள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நிர்மலா என்ற முதுநிலை மாணவி, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் தம் ஆய்வேட்டுக்காகச் சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது.