விதியா, காண்ட்ராக்டரா? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் 18 முதல் 24 வயதுப் பிள்ளைகளிடம், வாழ்க்கை தங்கள் கையில் இருப்பதாக நினைக்கிறார்களா, மனநலன் எப்படி என்று எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) ஆய்வு செய்கிறேன். வாழ்க்கை யார் கையில் என்ற நினைப்பை அளக்கும் ராட்டர் படிவத்தைத் தமிழாக்கிக் கொடுத்தேன். உள்ளூர்ப் பிள்ளைகளைவிட ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கூடுதல். 'விதியை நம்பும் இனப் பண்பு' என்று எழுதலாமா?
– மாணவி, அவிநாசி

பதில்: வேண்டாமுங்க. கோளாறு படிவத்திலேயே இருக்கிறது. உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-ல் வெளியிட்ட அதில் 29 ஜோடி வாக்கியங்கள்; ஜோடிக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 6 ஜோடி சும்மா கலந்தவை, மதிப்பெண் 23-க்குத்தான். (29-க்கும் போட்டிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.) மதிப்பெண் ஏறினால் 'என் கையில் இல்லை' என்று பொருள். சரி, பிறகு யார் கையில்? அதிர்ஷ்டமா, மேலே இருப்பவரா என்று அந்தக் கூட்டுத்தொகை சொல்லாது. 'நாளைக்கு ஒரு ஷிப்டா, ஒன்றரை ஷிப்டா என்பதைக் காண்ட்ராக்டர்தான் சொல்லணும்' என்கிற கைமடிப் பையன் (டெய்லருக்கு உதவியாள்) விதியை நம்புகிறவன் அல்ல. பவர்டேபிளில் (தையல் கூடத்தில்) நடப்பதைச் சொல்கிறான், அவ்வளவுதான்.

அமெரிக்கக் கறுப்பின மாணவர்களிடம் இந்தக் குழப்பத்தை உளவியலாளர் பாட்ரிசியா குரின் குழுவினர் 1969-லேயே பிரித்துக் காட்டினார்கள். 'நான் முயன்றால் முடியும்' என்பது வேறு, 'எங்கள் ஜனங்கள் பின்தங்கியதற்குப் பாகுபாடுதான் காரணம்' என்பது வேறு. பின்னதைச் சொன்னவர்கள் துவண்டு கிடக்கவில்லை. தங்களவர் வழக்கமாகப் போகாத வேலைகளுக்கு ஆசைப்பட்டவர்கள் அவர்களில்தான் அதிகம்.

உளவியலாளர் ஹன்னா லெவன்சனின் படிவத்துக்கு மாறுங்கள். தான், அதிகாரமுள்ள பிறர், தற்செயல் என மூன்று பிரிவு; பிரிவுக்கு 8 வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் −3 முதல் +3 வரை மதிப்பெண். எட்டையும் கூட்டி 24 சேர்த்தால் 0-வுக்கும் 48-க்கும் நடுவில் வரும். மூன்று பிரிவையும் ஒன்றாகக் கூட்டினால் பழைய குழப்பமே திரும்பும்.

இந்தி, ஒடியா பேசுகிறவர்களுக்குத் தமிழ்ப் படிவம் ஆகாது. அவரவர் மொழியில் பெயர்த்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுங்கள். 'தலையெழுத்து', 'நேரம் சரியில்லை' இரண்டும் ஒன்றல்ல. பின்னதை நம் ஊரில் பேச்சை முடிக்கக்கூடச் சொல்வார்கள். பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். சூப்பர்வைசர் நிற்கும் இடத்தில் படிவத்தை நீட்டவே கூடாது.

இனம் எது என்பதையும் நீங்களாக எழுதிக்கொள்ளாதீர்கள். கொங்கு நாட்டு நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் கன்னடமோ தெலுங்கோ, தெருவில் தமிழ். 'பாட்டியிடம் என்ன மொழியில் பேசுவீர்கள், உங்களை யார் என்று சொல்லிக்கொள்வீர்கள்' என்று இரண்டாகக் கேளுங்கள். ஒப்பிடும்போது ஒரே வேலை, ஒரே வாரச் சம்பளம், ஒரே மாதிரித் தங்குமிடம் உள்ளவர்களை ஒப்பிடுங்கள். பீஸ் ரேட்டில் (உருப்படிக்கு இவ்வளவு என்று) கூலி வாங்கும் டெய்லரையும் விடுதியில் தங்கும் கைமடியையும் பக்கத்தில் வைத்தால், கூலி வித்தியாசம்தான் இனத்தின் பெயரில் வந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் விடுதி மாணவி ஒருத்திக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வாக்கிய நலப் படிவத்தில் 7 வந்தது. மோசமா?
– வார்டன், ஈரோடு

பதில்: முழு மதிப்பெண் 25. நாலால் பெருக்கினால் நூற்றுக்கு 28. ஐம்பதோ அதற்குக் கீழோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பதே கணக்கு. அதை வைத்து மனச்சோர்வு என்று முடிவு கட்ட முடியாது. படிவம் கடந்த இரண்டு வாரத்தைத்தான் கேட்கிறது, அதற்குள் பரீட்சையோ காய்ச்சலோ இருந்ததா என்று பாருங்கள். ஆனால் காத்திருக்க வேண்டாம். இன்றே தனியாக உட்காரவைத்துப் பேசுங்கள். சாவைப் பற்றி யோசனை வந்ததா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம்.