மேனேஜர் சிரித்துப் பேசலாமா?

அன்புள்ள சார்,

நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் கிளை மேலாளராகப் பதவி உயர்வு கிடைத்து, புது ஊருக்கு வந்திருக்கிறேன். சின்னக் கிளை, என்னையும் சேர்த்து ஒன்பது பேர். இயல்பிலேயே நான் சிரித்துப் பேசுகிறவள். பழைய கிளையில் மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் என்னைச் சுற்றித்தான் சிரிப்பு. கிளம்பும்போது ஒரு சீனியர் சொன்னார்: "சிரிச்சுப் பேசினா தலைமேல ஏறி உட்கார்ந்துடுவாங்க. அதுவும் லேடி மேனேஜர்னா கேட்கவே வேண்டாம். முதல் ஆறு மாசம் முகத்தை இறுக்கமா வச்சுக்கோ." அப்படியே செய்தேன். இப்போது நான் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது.

இன்னொரு விஷயம். இங்கே இருக்கும் கேஷியர் பணம் எண்ணுவதில் நிதானமானவர். முந்தைய மேனேஜர் அவருக்கு 'ஸ்லோ மோஷன்' என்று பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரிக்கிறார். கலகலப்பான கிளை என்று இதை விட்டுவிடலாமா, நிறுத்த வேண்டுமா? பொறுப்பில் இருப்பவருக்கு நகைச்சுவை பலமா, பலவீனமா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

பலம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் எத்தனை ஜோக் அடிக்கிறீர்கள் என்று பார்த்தால் அந்தப் பலம் தெரியாது. கெட்ட செய்தியைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் அறைக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறார் என்று பாருங்கள், அதில் தெரியும்.

நானும் கொஞ்ச காலம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை என்றால் கேஷியரின் வயிறு என்ன பாடுபடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய பயம், மேனேஜரிடம் போய்ச் சொல்வது. சிடுசிடுக்கும் மேனேஜர் என்றால் கேஷியர் முதலில் கட்டுகளைத் தனியாகத் திரும்ப எண்ணுவார். அப்புறம் பக்கத்துக் கவுண்டர்காரரிடம் மெதுவாகக் கேட்பார், வவுச்சர்களைப் புரட்டுவார். விஷயம் மேனேஜர் காதுக்குப் போவதற்குள், கூடுதலாகப் பணம் வாங்கிப்போன வாடிக்கையாளர் பஸ் ஏறியிருப்பார்.

நான் இருந்த கிளையில் ஒரு நாள் 900 ரூபாய் குறைந்தது. கேஷியர் வேலைக்குப் புதிதாக வந்த பெண், கண் கலங்கிவிட்டது. மேனேஜர் அறையிலிருந்து எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "தொள்ளாயிரமா? அது எனக்குப் பழைய சிநேகிதம்மா. நான் கிளார்க்கா இருந்தப்ப ராத்திரி பத்து மணி வரைக்கும் என்கூடவே இருந்துட்டுத்தான் போச்சு" என்றார். அழுகைக்கு நடுவில் அந்தப் பெண் சிரித்துவிட்டார். "ஒன்பதால வகுபடுது பாரு. எங்கேயோ நம்பர் இடம் மாறி விழுந்திருக்கும். தேடு." பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பழைய வங்கிக்காரர்களுக்கு இது மனப்பாடம். தேடினால், 5,400 ரூபாய் கொடுத்த ஒரு வவுச்சர் 4,500 என்று பதிவாகியிருந்தது.

அவர் சிரிக்க வைத்தது தன்னுடைய பழைய இரவை வைத்து. அந்தப் பெண்ணின் அன்றைய தவற்றைத் தொடவே இல்லை. சிரிப்பு அடங்கியதும் உடனே வேலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கணக்கு எங்கே உதைத்தாலும் முதல் தகவல் அவருக்குத்தான் போகும். கேஷ் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போன ஓர் ஆபீசரை அதே மனிதர் கண்டித்ததையும் பார்த்திருக்கிறேன். அப்போது அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அவர் தலைமேல் யாரும் ஏறி உட்காரவும் இல்லை. உங்கள் சீனியருக்கு என் பதில் இதுதான்.

இந்த விஷயத்தில் என் மனதில் ஆழமாகப் பதிந்த தலைவர், எர்னஸ்ட் ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்தில் துணைத்தலைவராக இருந்த ஃபிராங்க் வைல்ட். 1915 அக்டோபரில் அவர்களுடைய எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நசுங்கியது. சொந்தப் பொருட்களில் ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோகூட இல்லை, அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஷாக்கிள்டன். ஆனால் வானிலை ஆய்வாளர் லெனார்ட் ஹஸ்ஸியின் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை, அது பன்னிரண்டு பவுண்டு எடை இருந்தும், விடக் கூடாது என்று அவரே எடுத்துவரச் செய்தார். மனதுக்கு அது மருந்து என்றார். அடுத்த ஏப்ரலில் ஷாக்கிள்டன் ஐந்து பேரோடு சிறு படகில் உதவி தேடிப் போனார். மீதி 22 பேர் வைல்டின் பொறுப்பில் எலிஃபன்ட் தீவில் தங்கினார்கள். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள்தான் கூரை, சீலும் பெங்குவினும்தான் சாப்பாடு. நான்கு மாதத்துக்கு மேல் அப்படியே போனது.

அங்கே சனிக்கிழமை இரவுகளில் பாஞ்சோ கச்சேரி நடக்கும். ஆளாளுக்கு மற்றவரைக் கிண்டல் செய்து பாட்டுக் கட்டுவார்கள். இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸ் கட்டிய பாட்டு வைல்டே பாடுவது போல அமைந்தது: என் குடிசைச் சுவரில் ஒரு செங்கல் கிடையாது, கூரையில் ஒரு ஓடு கிடையாது, ஆனாலும் இந்தத் தீவில் இதைவிடப் பெரிய அரண்மனை கிடையாது என்று. தலைவரையும் அவர் இருப்பிடத்தையும் கேலி செய்து, அதற்குள்ளேயே உட்கார்ந்து பாடியிருக்கிறார்கள்! அதே வைல்ட் காலையில் எல்லோரையும் எழுப்பி, படுக்கையைச் சுருட்டுங்கள், இன்றைக்கு ஷாக்கிள்டன் வந்தாலும் வருவார் என்பார். சுருட்டினார்கள். 1916 ஆகஸ்ட் 30 அன்று ஷாக்கிள்டன் மீட்புக் கப்பலோடு வந்தபோது 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். இரவில் தன்மேல் பாட்டுக் கட்ட விட்டதால் காலையில் வைல்டின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. நான் படித்த வரையில் அது கூடியே இருக்கிறது.

சரி, ஆபத்தான பக்கமும் இருக்கிறது. மேலதிகாரி ஓயாமல் ஜோக் அடித்தால் கீழே இருப்பவர்கள் போலியாகச் சிரித்துச் சிரித்துக் களைத்துப்போகிறார்கள் என்றும், அதிகாரிக்கும் ஊழியருக்கும் இடைவெளி அதிகமுள்ள இடங்களில் இது இன்னும் மோசம் என்றும் ஓர் ஆய்வு அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னலில் வந்திருக்கிறது. நம் அலுவலகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். லீவு, டிரான்ஸ்ஃபர் சிபாரிசு, ஆண்டு மதிப்பீடு எல்லாமே உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. அப்படியிருக்க, உங்கள் ஜோக்குக்கு எழும் சிரிப்பை வைத்து எதையும் கணக்கிட முடியாது. பழைய கிளையில் எல்லோரும் உங்களைச் சுற்றிச் சிரித்தது நீங்கள் அவர்களில் ஒருவராக இருந்தபோது. அதே இடத்தை இங்கே பிடிக்க முயல வேண்டாம். சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் பேசட்டும், நன்றாக இருந்தால் நீங்கள் மனம்விட்டுச் சிரியுங்கள். பேச்சு நிற்பது கொஞ்ச நாளில் தானே சரியாகும்.

லேடி மேனேஜர் என்று உங்கள் சீனியர் சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அது நிஜமான அநியாயம். அமெரிக்காவில் செய்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நகைச்சுவையாகப் பேசும் ஆணுக்கு மதிப்பு ஏறியது, அதே போலப் பேசும் பெண்ணுக்கு இறங்கியது. ஆனால் அதற்கு முகத்தை இறுக்கிக்கொள்வதுதான் வழி என்று நான் நினைக்கவில்லை. அப்படி இருந்தால் 'சிடுமூஞ்சி' என்பார்கள், அந்தப் பட்டமும் பெண்களுக்குத்தான் சீக்கிரம் கிடைக்கிறது. வேலையில் உங்கள் பிடி தெரிந்த பிறகு சிரிப்பு தானாக இடம் பிடித்துக்கொள்ளும். முதலில் கேஷ், லோன் ஃபைல், ஆடிட் பாக்கி மூன்றிலும் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது என்று காட்டிவிடுங்கள்.

இப்போது அந்தக் கேஷியர். நிறுத்த வேண்டும், தாமதிக்காமல் நிறுத்த வேண்டும். அவர் சிரிப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேனேஜர் வைத்த பெயருக்குச் சிரிக்காமல் அவரால் என்ன செய்திருக்க முடியும்? அதிகாரி ஊழியரைக் குத்திக் கேலி செய்தால், வரம்பு மீறுவது இங்கே செல்லும் என்று மற்றவர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். 2018இல் காய் சி யாம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான். உங்கள் கிளையில் வைத்தவர் போன பின்னும் பெயர் போகவில்லை.

சர்க்குலர் போட வேண்டாம், அது அவரை இன்னும் கூனிக்குறுக வைக்கும். தனியாகக் கூப்பிட்டு "உங்களுக்கு வருத்தமா?" என்றும் கேட்க வேண்டாம். "பரவாயில்லை மேடம்" என்றுதான் சொல்வார். நாளைக் காலையிலிருந்து எல்லோர் காதிலும் விழும்படி அவரைப் பெயரோடு சார் சேர்த்துக் கூப்பிடுங்கள். யாராவது பழைய பெயரைச் சொன்னால் சிரிக்காதீர்கள். அப்படியும் தொடர்ந்தால், சொன்னவரைத் தனியாக அழைத்து, இனி வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர் கவுண்டரில் இதுவரை எத்தனை முறை பணம் குறைந்திருக்கிறது என்று பழைய பதிவுகளை எடுத்துப் பாருங்கள். நிதானமாக எண்ணுகிறவர், அதிகம் இருக்காது என்பது என் ஊகம். அப்படி இருந்தால் அடுத்த ஸ்டாஃப் மீட்டிங்கில் அதை எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.

அன்புடன்