அம்மா பெங்களூரில், வீடு கும்பகோணத்தில்: பவர் பத்திரம் எப்படி எழுதுவது?

கேள்வி: 76 வயதான அம்மா எங்களோடு அல்சூரில் இருக்கிறார். கும்பகோணத்தில் அவர் பெயரில் உள்ள வீட்டை விற்க, அங்கேயே இருக்கும் தம்பிக்குப் பவர் கொடுக்கலாமா? நோட்டரி கையெழுத்து போதுமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் நோட்டரி போதாது. உங்கள் தம்பி கிரையப் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யப்போகிறார். அதற்கான பவர், 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, அம்மா வசிக்கும் பகுதிச் சார்பதிவாளர் முன் கையெழுத்தாகி அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும். அத்தோடு நிறுத்தாமல் பதிவும் செய்துவிடுங்கள். சொத்து சம்பந்தப்பட்ட பவருக்குத் தமிழ்நாட்டில் பதிவு கட்டாயம். பெங்களூரில் எழுதிய பவருக்குக் கூடுதல் முத்திரைத்தீர்வை உண்டா என்று கும்பகோணம் அலுவலகத்தில் தம்பி முதலிலேயே கேட்டுவிடட்டும். அம்மாவால் நடமாட முடியாவிட்டால், மருத்துவச் சான்றோடு மனு கொடுத்துப் பதிவு அதிகாரியை வீட்டுக்கே வரவழைக்கச் சட்டத்தில் இடமுண்டு.

மொழியில் கவனம் தேவை. பத்திரம் தமிழில் மட்டும் இருந்தால், பெங்களூர்ச் சார்பதிவாளர் மொழிபெயர்ப்பு இல்லாமல் ஏற்க மறுக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுவது இரண்டு ஊருக்கும் சௌகரியம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாதென்றால், ‘தமிழில் படித்து விளக்கப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டேன்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். விளக்கியவரே சாட்சியாகவும் கையெழுத்திடட்டும். பிற்காலத்தில் வழக்கு வந்தால் முதலில் இந்த இடத்தில்தான் கை வைப்பார்கள்.

வக்கீலிடம் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இருவரின் ஆதார், பான் ஆகியவற்றைக் கொடுங்கள். சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் நான்கெல்லையும் மூலப் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

சிக்கல் பெரும்பாலும் வாசகத்தில்தான். பவரில் எழுதாத அதிகாரத்தை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளாது. ‘விற்க’ என்று மட்டும் எழுதினால் பதிவு மேசையில் தடங்கல் வரும். விலை பேச, ஒப்பந்தம் போட, கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட, அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்து எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ள, சாவியை ஒப்படைக்க என்று ஒவ்வொன்றாக வரட்டும். அடமானம், தானம் இரண்டும் கிடையாது என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். விலைப்பணம் முழுவதும் அம்மாவின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்றும் கணக்கு எண்ணோடு எழுதலாம். தம்பி தப்பாக நினைக்க மாட்டார். நாளைக்குப் பேச்சு வந்தால் அது அவருக்குத்தான் பாதுகாப்பு. ஊரிலுள்ள எல்லாச் சொத்துக்கும் சேர்த்துப் பொதுப் பவர் கொடுப்பது இங்கே தேவையில்லாத வேலை.

கிரையத்தன்று அசல் பவரோடு, அம்மா உயிருடன் இருப்பதாக மருத்துவர் அண்மையில் கொடுத்த சான்றும் கேட்பார்கள். அம்மா காலமானாலோ சித்த சுவாதீனம் இழந்தாலோ இந்தப் பவர் முடிந்துவிடும். அவருக்கு மறதி தொடங்கியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கையெழுத்திடும் நாளிலேயே மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கிவிடுங்கள்.

இடையில் மனம் மாறினால், ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, தம்பிக்கும் விலை பேசியவருக்கும் பதிவுத் தபாலில் தெரிவியுங்கள். கும்பகோணம் சார்பதிவாளருக்கும் ஒரு நகல் போகட்டும். தகவல் போய்ச் சேருமுன் தம்பி செய்துகொடுத்தது அம்மாவைக் கட்டுப்படுத்தும்.