கரு பிழைக்கவில்லை, நீதி பிழைத்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருவை இழந்த பெண்கள் கொலைக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்குப் போவது பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். தலைப்பே சிலேடை. ஆங்கிலத்தில் கரு கலைவதும் ‘மிஸ்கேரேஜ்’, குற்றமற்றவர் தண்டிக்கப்படுவதும் ‘மிஸ்கேரேஜ் ஆஃப் ஜஸ்டிஸ்’. நான் ‘நீதியின் கருச்சிதைவு’ என்று போட்டிருக்கிறேன். நண்பர் சிரிக்கிறார். இன்னும் இரண்டு சந்தேகங்கள். குழந்தை உயிரோடு பிறந்ததா என்று அறிய நுரையீரலைத் தண்ணீரில் போட்டுப் பார்த்ததாகக் கட்டுரையில் வருகிறது. அது நம்பத்தக்க சோதனையா? தானாகக் கலைந்ததற்கும் மருத்துவமனைச் சீட்டில் ‘அபார்ஷன்’ என்றே இருக்கிறது. அதைக் ‘கருக்கலைப்பு’ என்று எழுதலாமா?

க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. எழுதக் கூடாது. மருத்துவ ஏட்டில் ‘அபார்ஷன்’ என்பது, குழந்தை வெளியே வந்து பிழைக்கக்கூடிய பருவத்துக்கு முன்பே கர்ப்பம் முடிந்துபோவதற்கான பொதுப்பெயர். தானாக நடந்ததா, யாரும் செய்ததா என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள் இல்லை. முன்னால் ஒட்டியிருக்கும் அடைமொழியைப் பாருங்கள். ‘த்ரெட்டன்ட்’ என்றால் இரத்தம் படுகிறது, கருப்பை வாய் மூடியே இருக்கிறது, கர்ப்பம் தங்கவும் கூடும். ‘இனெவிட்டபிள்’ என்றால் வாய் திறந்துவிட்டது. ‘இன்கம்ப்ளீட்’ என்றால் கொஞ்சம் வெளியேறி மிச்சம் உள்ளே நிற்கிறது. ‘மிஸ்ட்’ என்றால் கரு இறந்துவிட்டது, உடல் இன்னும் வெளியேற்றவில்லை. ‘இன்ட்யூஸ்ட்’ என்று இருந்தால்தான் கருக்கலைப்பு. சீட்டில் ஜி3 பி1 ஏ1 என்று சுருக்கமாகவும் வரும்: இது மூன்றாவது கர்ப்பம், முன்பு ஒரு பிரசவம், ஓர் இழப்பு. கலைந்ததும் கலைத்ததும் அந்த ஒரே ‘ஏ’யில் அடங்கிவிடும். மருத்துவருக்கு அது போதும். அதே தாளைக் காவல் அதிகாரியோ வழக்கறிஞரோ கையில் எடுக்கும்போது சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. நீங்கள் ‘கருக்கலைப்பு’ என்று எழுதினால் அந்த மாற்றத்தை நீங்களே செய்து கொடுத்தவர் ஆவீர்கள். ‘தானாக ஏற்பட்ட கருச்சிதைவு’, ‘முழுமையடையாத கருச்சிதைவு’ என்று எழுதுங்கள்.

கட்டுரையில் மிசோப்ராஸ்டால் மாத்திரையும் வருமென்று நினைக்கிறேன். கரு இறந்து உள்ளே தங்கிவிட்டால் அதை வெளியேற்ற 800 மைக்ரோகிராம் கொடுப்பது வழக்கம். அதற்கு முன் 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோனும் சேர்ப்பார்கள். கருக்கலைப்புக்கும் இதே மருந்துகள்தான். இரத்தப்போக்கும் வலியும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். பிறப்புறுப்பில் மாத்திரைத் துணுக்கு மிச்சமிருந்தால் ஒழிய, பரிசோதித்து இது தானாகக் கலைந்தது, இது கலைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிகிச்சையும் ஒன்றே என்பதால் மருத்துவருக்கு அந்தப் பிரிவினை தேவைப்படுவதும் இல்லை.

இனி நுரையீரல். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய நீதிமன்றங்களில் புழங்கிய சோதனை இது. மூச்சுக்குழாயைக் கட்டி, நுரையீரல்களையும் இதயத்தையும் ஒன்றாக எடுத்துத் தண்ணீரில் இடுவார்கள். பிறகு நுரையீரல்களைத் தனித்தனியாக, அதன்பின் மடல் மடலாக. கடைசியில் சிறு துண்டுகளாக வெட்டி, விரலால் பிழிந்து மறுபடியும் இடுவார்கள். மிதந்தால் குழந்தை மூச்சுவிட்டது, மூழ்கினால் செத்தே பிறந்தது என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உடல் அழுகத் தொடங்கினால் உண்டாகும் வாயு மூச்சேவிடாத நுரையீரலையும் மிதக்க வைக்கும். யாராவது பதறிப்போய்க் குழந்தையின் வாயில் ஊதியிருந்தாலும் மிதக்கும். மறுபக்கம், சில மணி நேரம் உயிரோடிருந்த குழந்தையின் நுரையீரல் நிமோனியாவாலோ விரியாமல் போனதாலோ மூழ்கவும் செய்யும். கல்லீரல் துண்டையும் சேர்த்துத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது பழைய எச்சரிக்கை. கல்லீரல் மூச்சு விடுவதில்லை. அதுவும் மிதந்தால் காரணம் அழுகல் வாயு, சோதனை செல்லாது. கல்லீரல் மூழ்கினாலும் ஊதிய காற்றா, இழுத்த மூச்சா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அப்படியே மூச்சுதான் என்று வைத்துக்கொண்டாலும், தலை வெளியே வந்து உடல் உள்ளே இருக்கும்போது ஒரு மூச்சை இழுத்துவிட்டுப் பிரசவத்திலேயே இறக்கும் குழந்தை உண்டு. ஆக, சோதனை அதிகபட்சம் சொல்லக்கூடியது காற்று இருந்தது என்பதை. கொலை நடந்தது என்பதை அல்ல.

இதை மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1783இலேயே ஒரு கட்டுரையில் வாதிட்டுவிட்டார். அவர் எழுதிய காலத்தில் இங்கிலாந்தில் 1624ஆம் வருடச் சட்டம் நடப்பில் இருந்தது. மணமாகாத பெண் குழந்தையின் மரணத்தை மறைத்தால், அது இறந்தே பிறந்தது என்று ஒரு சாட்சியையாவது கொண்டு அவளே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் தூக்கு. யாருக்கும் தெரியாமல் தனியே பிரசவித்தவளுக்குச் சாட்சி எங்கிருந்து வரும்? 1803இல்தான் அந்தச் சட்டம் போனது. நுரையீரல் சோதனை போகவில்லை. இந்த நூற்றாண்டின் வழக்குகளிலும் அது சாட்சியமாக வைக்கப்பட்டிருக்கிறது.

இதற்கு நேரெதிராக ஸ்கேன் அறையில் நடப்பதைப் பாருங்கள். கரு 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளமிருந்து துடிப்பு தெரியாவிட்டால், அல்லது கருவைச் சூழ்ந்த பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரைத் தொட்டும் உள்ளே கரு காணாவிட்டால்தான் கருச்சிதைவு என்று முடிவுக்கு வருவார்கள். அதற்குக் குறைவானால் ஒரு வாரமாவது பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் முன்பு இந்த எல்லைகள் 6, 20 என்று இருந்தன. அளப்பவர் கை மாறினால் அளவும் மாறுகிறது, உயிருள்ள கருவையும் இறந்ததாக எண்ணிவிடக்கூடும் என்று கண்டு 2011இல் உயர்த்தினார்கள். அதாவது, சந்தேகத்தின் பலனைக் கருவுக்குக் கொடுக்கிறது மருத்துவம். சந்தேகத்தின் பலன் என்ற சொல்லே நீதிமன்றத்துடையது. தாய் கூண்டில் நிற்கும்போது மட்டும் அது காணாமல் போகிறது.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் 1998 முதல் எந்தக் காரணத்துக்கும் கருக்கலைப்பு குற்றம். மனுவேலா என்ற பெயரில் வழக்கேடுகளில் வரும் கிராமத்துப் பெண் 2008இல் இரத்தப்போக்கோடு மருத்துவமனைக்கு வந்தார். சிகிச்சை கொடுத்த மருத்துவரே காவல்துறைக்குத் தகவல் சொன்னார். கட்டிலோடு விலங்கிட்டார்கள். கொலைக் குற்றம் சாட்டி 30 வருடத் தண்டனை கொடுத்தார்கள். 2010இல் நிணநீர்ப் புற்றுநோயில் இறந்தார். அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் அரசின் மீது தவறு என்று தீர்ப்பளித்தது 2021இல். அந்தத் தீர்ப்பின் மையங்களில் ஒன்று மருத்துவ இரகசியம். இரத்தம் கொட்ட வருபவள் மருத்துவரிடம் சொல்வது காவல் நிலையத்துக்குப் போகும் என்றால், அடுத்தவள் மருத்துவமனைக்கு வரமாட்டாள்.

தலைப்புக்கு வருகிறேன். நண்பர் சிரித்தது சரிதான். ‘மிஸ்’ என்ற முன்னொட்டு தவறு, தடம் மாறல் என்ற பொருளைத் தருகிறது, ‘கேரி’ என்றால் சுமத்தல். முன்பெல்லாம் ஆங்கிலத்தில் போய்ச் சேராத கடிதமும் கப்பலும்கூட ‘மிஸ்கேரி’ ஆகும். சுமந்தவள் ஒழுங்காகச் சுமக்கவில்லை என்ற குறிப்பு அந்தச் சொல்லில் ஒளிந்திருக்கிறது. அதனாலேயே ஆங்கிலம் பேசும் பெண்கள் பலர் அதை வெறுக்கிறார்கள். உண்மையில் முதல் 12 வாரங்களில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறே காரணம். எதையோ தூக்கினாள், எங்கேயோ போனாள் என்பதெல்லாம் வீட்டார் நடத்தும் விசாரணை. நம்முடைய ‘கருச்சிதைவு’ யாரையும் குற்றம் சொல்லாத சொல். வீட்டில் ‘கரு தங்கலை’ என்கிறோம், அதிலும் குற்றச்சாட்டு இல்லை. நீதி தவறுவதோ அப்படியல்ல. அங்கே தவறு செய்த ஆள் எப்போதும் உண்டு. ‘நீதியின் கருச்சிதைவு’ என்றால் அந்த ஆள் தப்பிவிடுகிறார்.

சிலேடை வேண்டும் என்றால் தமிழிலேயே ஒன்று கிடக்கிறது. பழந்தமிழில் ‘பிழைத்தல்’ தவறுதல். இன்று உயிர் தப்புதல். ஒரே வினை. இந்தப் பதிலுக்கு நான் வைத்திருக்கும் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.