வெள்ளவத்தைக் கடலும் உங்கள் அழுகையும்

தம்பி, மனதுக்குப் பிடித்தவர் பிரிந்துபோன பிறகு மாலையில் கொழும்பின் வெள்ளவத்தைக் கடலைப் பார்த்தாலே கண் கலங்குகிறது, இது பலவீனமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லவே இல்லை. கடற்கரையையும் பொழுது சாயும் வேளையையும் கடல்சார்ந்த நிலத்தைப் பாடும் நெய்தல் திணையில் இரங்கலுக்கென்றே, அதாவது பிரிவை எண்ணி வருந்துவதற்கென்றே, ஒதுக்கிவைத்தவர்கள் நம் முன்னோர். சங்கப் பாடல்களில் பிரிவால் வாடும் தலைவி நண்டிடமும் நாரையிடமும்கூட முறையிடுகிறாள். அலை கருங்கற்களில் மோதித் தண்டவாளம் வரை உப்புத்துளி தெறிக்கும் அந்த இடத்தில் யாருக்குத்தான் மனம் கனக்காது? அழுங்கள். ஆனால், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், கற்களில் இறங்காதீர்கள். நம்பிக்கையான நண்பர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். தூக்கமும் சாப்பாடும் தொடர்ந்து கெட்டால், தயங்காமல் 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இங்கேயும் எழுதுங்கள், கட்டாயம் வாசிப்பேன்.